பண்பொழியில் பத்து பின்!

செங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் சுமார் ஏழு கிலோமீட்டர். ஜன்னலோரம் கிடைச்சா லக். இடதுபக்கம் பூராவும் மலை, மலைக்கு மேல மேகம், மேகத்துக்கு நடுவுல எங்கேயோ கேரளா. ஜூலை மாசம் என்பதால் சாரல் வேற. மழையும் இல்லாம, வெயிலும் இல்லாம, மூஞ்சியில ஸ்ப்ரே அடிச்ச மாதிரி ஒரு சங்கதி. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியா எட்டிப் பார்க்கிறதால, மத்த ஊர்க்காரங்க ஃபேனுக்குக் கீழே வேகும்போது இந்தப் பக்கத்து ஆட்கள் ஜம்முனு துண்டைப் போர்த்திக்கிட்டுத் திரியறாங்க. பொறாமையா இருக்கு பாஸ்!

பண்பொழின்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது திருமலைக் கோயில். பைம்பொழில்தான் பண்பொழி ஆச்சுன்னு சொல்றாங்க. பசுமையான சோலைன்னு அர்த்தம். பேருக்கு ஏத்த மாதிரி தென்னை, வயல், குளம்னு கண்ணுக்கு எட்டின வரைக்கும் பச்சைதான். நான் போனது சாமி கும்பிட இல்லை. ஒரு பௌலிங் சென்டருக்கு அளவு எடுக்க!

சிரிக்காதீங்க. கிரிக்கெட் பௌலிங் இல்லை. மால்ல பளபளன்னு லைட் போட்டு, கனமான பந்தை உருட்டி, அந்தக் கடைசியில நிக்கிற பத்து பின்னைச் சாய்ப்பாங்களே, அந்த பௌலிங். என் ஸ்கூல் தோழி சென்னையில இன்டீரியர் டிசைன் மூணாவது வருஷம். (பேர் போடக் கூடாதுன்னு ஆர்டர். அதனால இங்கே அவ பேரு 'டிசைனரம்மா'.) இந்த செமஸ்டர் அவங்க புராஜெக்ட், சின்ன ஊரில் ஒரு உள்விளையாட்டு அரங்கம். கூடப் படிக்கிறவங்க எல்லாம் 'சின்ன ஊர்'னு சொல்லிட்டு ஈ.சி.ஆர். பக்கமா ஒதுங்கிட்டாங்க. நம்ம ஆளு மட்டும் 'பண்பொழியில பௌலிங்'னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டா. 'இது நடக்கிற காரியமா?'ன்னு கிளாஸே கேட்டிருக்கு.

அவ அதை எழுதினதுக்குப் பின்னாடி வேற கதை இருக்கு. அவங்க தாத்தா காலத்து நெல் குடோன் ஒண்ணு ஊருக்குள்ள சும்மா கிடக்கு. நாட்டு ஓடு, தேக்கு உத்திரம், ரெண்டடி கனத்துக்குச் சுவர். 1956 நவம்பர் 1-ம் தேதிதான் செங்கோட்டை வட்டாரத்தின் பெரும்பகுதி திருவாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அதனாலோ என்னவோ, இங்கே பழைய கட்டடங்களோட கூரையைப் பார்த்தா மலைக்கு அந்தப் பக்கத்துச் சாயல் அடிக்குது. குடோனை இடிச்சுட்டு பிளாட் போட ஒரு பார்ட்டி வந்து பேசிட்டாங்க. வெள்ளிக்கிழமை அட்வான்ஸோட வர்றதாப் பேச்சு. 'கட்டடத்தை வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறோம், ஒரு காரணம் சொல்லு'ன்னு அவங்க அப்பா கேட்டிருக்கார். இவளுக்கு ஜூரி அதுக்கு அடுத்த திங்கள்கிழமை. காலேஜ் ஜூரிக்கு முன்னாடி வீட்டு ஜூரி!

'ஏட்டி, நீ மெக்கானிக்கல்தானே? டேப்பைப் பிடிக்கவாவது வா'ன்னு போன். கிளம்பிட்டேன்.

முதல்ல குடோனுக்குப் போவோம்னு நான் நினைச்சா, மேடம் காலையில ஆறு மணிக்கு என்னை மலை ஏத்திட்டா. 'மேல இருந்து பார்த்தாத்தான் ஊரோட பிளான் தெரியும்.' வண்டி போற பாதை இருக்கும்போது ஐந்நூறு படிக்கும் மேல நடக்க வைக்கிறது என்ன நியாயம்? ஆனா ஏறினப்புறம் வாயை மூடிக்கிட்டேன். குமாரசுவாமி சந்நிதிக்கு வெளியே நின்னா, காத்து ஆளைத் தூக்குது. ஒரு பக்கம் மேற்குத்தொடர்ச்சி மலை சுவர் மாதிரி. அந்தச் சுவரோட அடியில மேக்கரை. 132 அடி உசர அடவிநயினார் அணை அங்கேதான். அதைத் தாண்டிப் போற ரோடு அச்சன்கோவிலுக்கு. இன்னொரு பக்கம் தட்டு தட்டா வயல், நடுநடுவுல குளம். டிசைனரம்மா கை நீட்டின இடத்தில, தென்னைகளுக்கு மத்தியில நீளமா ஒரு ஓட்டுக்கூரை. தீப்பெட்டியைக் கவுத்து வச்ச மாதிரி.

'நீளத்தைப் பாரு. பௌலிங்குக்குப் பொறந்த கட்டடம்ட்டி அது!'

இந்தக் கோயிலோட பேசப்படுற ஒரு பெயர் சிவகாமி பரதேசி அம்மையார். மேலே மண்டபம் கட்ட அவங்க கல்லையெல்லாம் வாழை மட்டையில வச்சு மலை மேல இழுத்துட்டுப் போனதா ஊர்ல கதை சொல்றாங்க. கதையோ நிஜமோ, மெக்கானிக்கல் மூளைக்கு அது ருசியான விஷயம். ஈரமான வாழை மட்டை வழுக்கும். உராய்வு குறையும். கல் நகரும். இந்த உராய்வு மேட்டர் பின்னாடி நமக்கு வேலைக்கு ஆகும், ஞாபகம் வச்சுக்கங்க.

இறங்கி வந்து இட்லி முடிச்சுட்டு குடோனைத் திறந்தோம். உள்ளே பழைய சாக்கு வாசனை. வௌவால் ரெண்டு. டேப் 100 அடிதான், குடோன் அதைத் தாண்டிப் போகுது! அடையாளம் போட்டு மறுபடி பிடிச்சு அளந்தா, உள்நீளம் 112 அடி, அகலம் 38 அடி. நடுவுல வரிசையா செங்கல் தூண்கள், ஒவ்வொண்ணும் ஒன்றரை அடி சதுரம்.

இப்போ பௌலிங் கணக்குக்கு வருவோம். இது கொஞ்சம் சுவாரஸ்யமான கணக்கு. பந்தை விடுற கோட்டிலிருந்து முதல் பின் வரைக்கும் சரியா 60 அடி. இது உலகம் பூரா ஒரே அளவு. லேனோட அகலம் மூன்றரை அடிகூட இல்லை, நாற்பத்தொண்ணரை இஞ்ச். கோட்டுக்குப் பின்னாடி ஓடிவந்து பந்தை விட 15 அடி வேணும். பத்து பின்னும் ஓரடி இடைவெளியில முக்கோணமா நிக்கிறதால, முதல் பின்னுக்கு அப்பால கிட்டத்தட்ட 3 அடி. அப்புறம் பின்னை எடுத்து நிறுத்துற மெஷின், ஒரு 6 அடி. மெஷின் மக்கர் பண்ணினா மெக்கானிக் போய்வர பின்னாடி சந்து, 4 அடி. மொத்தம் 88. ஆக, 112-ல 24 அடி மிச்சம். அந்த 24 அடிக்குள்ளதான் ஷூ கவுன்ட்டர், நடைபாதை, உட்காருற இடம், பந்து வைக்கிற ரேக், இன்னும் பல சமாசாரங்களும் அடங்கணும்.

நீளம் பாஸ். வில்லன் அகலம்தான். பந்து திரும்பி வர்ற பாதையைச் சேர்த்து, ரெண்டு லேன் ஒரு ஜோடிக்கு பதினொண்ணரை அடி. 38 அடியில மூணு ஜோடி, அதாவது ஆறு லேன், தாராளமா உட்காரும். ஆனா நட்டநடுவுல தூண் வரிசை! தூணைக் கழிச்சா ஆளுக்கொரு பக்கம் பதினெட்டேகால் அடி. ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு ஜோடிதான். ஆறு நாலாயிடுச்சு.

'தூணை எடுத்துட்டு இரும்பு ட்ரஸ் போட்டுடலாம்'னு நான் இன்ஜினீயர் தோரணையில சொன்னேன். முறைச்சா பாருங்க. 'தூணை எடுத்தா உத்திரம் போகும், உத்திரம் போனா ஓடு போகும். அப்புறம் அப்பாகிட்ட எதைக் காட்டி காப்பாத்தச் சொல்ல? சைட் அட்ரஸையா?' பேச்சு மூச்சு இல்லை என்கிட்ட.

வாசல்ல உட்கார்ந்து வெத்தலை மென்னுக்கிட்டிருந்த ஆச்சி எங்களையே பார்த்துட்டிருந்தாங்க. 'ஏ பிள்ளைகளா, என்னத்தட்டி உருட்டப் போறிய?' விளக்கினோம். பந்தோட அதிகபட்ச எடை 16 பவுண்டு, ஏழு கிலோவுக்கு மேல. 'ஆட்டுக்கல் குழவி மாதிரியா?' ஆமா ஆச்சி, ஆனா உருண்டை. 'அதை உருட்டி பொம்மையச் சாய்க்கணும். சாஞ்ச பொம்மைய யாரு எடுத்து நிப்பாட்டுவா?' மெஷின் ஆச்சி. 'மெஷின் வரதுக்கு முன்ன?'

செம கேள்வி! மெஷினுக்கு முன்ன சின்னப் பசங்கதான். அமெரிக்காவில் லேனுக்குப் பின்னாடி பள்ளத்தில பையன்கள் உட்கார்ந்திருப்பாங்க. பின் விழுந்ததும் குதிச்சு, எடுத்து நிறுத்தி, பந்தைத் திருப்பி உருட்டிவிட்டு, அடுத்த பந்து வர்றதுக்குள்ள தாவி ஏறணும். கால்ல அடிபடறதெல்லாம் சகஜம். 1946-ல் ஏ.எம்.எஃப். கம்பெனி தானியங்கி மெஷினை ஊருக்குக் காட்டின பிறகுதான், ஐம்பதுகளில் அந்த வேலை மெல்ல மறைஞ்சுது. ஆச்சி கேட்டுட்டு, 'நல்ல காரியம்'னு மட்டும் சொன்னாங்க.

மத்தியானம் கொத்தனார் அண்ணாச்சி வந்தார். தண்ணி ட்யூப்பைப் பிடிச்சு மட்டம் பார்த்தார். ஒரு கோடிக்கும் இன்னொரு கோடிக்கும் ரெண்டு இஞ்ச் வித்தியாசம். 'நெல் மூட்டை அடுக்க இது போதும்லா'ன்னார். போதும்தான். ஆனா பௌலிங் லேன்ல குறுக்குவாட்டு மட்டம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே ஏத்துக்க மாட்டாங்க. அண்ணாச்சி அப்படியே எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பயப்பட வேண்டியதில்லை, லேன் நேரா தரையில உட்காராது. மரச் சட்டம் அடிச்சு, அதுக்குக் கீழே சின்னச்சின்ன தகடு வச்சு மட்டம் சரிபண்ணிட்டுத்தான் மேல லேனைப் போடுவாங்க. அந்தக் காலத்தில பந்து விழுற இடத்துக்கு மேப்பிள் மரம், நடுவுல பைன் மரம். இப்போ பெரும்பாலும் சிந்தெடிக் பலகை. சாரல் ஊருக்கு அதுதான் லாயக்கு. நல்ல மரம்கூட இந்த ஈரத்துல ஊதிப்போகும்.

ஈரம்னதும்தான் நிஜமான தலைவலி ஆரம்பிச்சுது. பௌலிங் ஷூவோட அடிப்பாகம் வழுக்கணும். கடைசி எட்டுல சறுக்கிக்கிட்டே பந்தை விடணும். அதில துளி தண்ணி பட்டாலும் கால் அப்படியே ஒட்டிக்கும், ஆள் குப்புற. ஆனா நம்ம சீஸன் கூட்டம் எங்கே இருந்து வரும்? குற்றாலத்திலிருந்து! தலையிலிருந்து பாதம் வரை சொட்டச்சொட்ட!

'வா, ஈரக்காலை ஸ்டடி பண்ணுவோம்'னு கூட்டிட்டுப் போயிட்டா. பேரருவியில ஒரு மணி நேரம், ஐந்தருவியில ஒரு மணி நேரம். குளிக்கலை, நம்புங்க. நோட்டும் பேனாவுமா நின்னோம். எல்லாரும் எங்களை சர்வே எடுக்க வந்த கவர்ன்மென்ட் ஆளுங்கன்னு நினைச்சு, 'டாய்லெட் பத்தி எழுதுங்கம்மா'ன்னு மனு கொடுக்காத குறை. ஆனா கவனிச்சா, ஜனங்க ஒரு பக்கா லே-அவுட்டோட நடந்துக்கறாங்க. முதல்ல ஒரு பாட்டியையோ சின்னக் குழந்தையையோ ஓரமா உட்கார வச்சு, சுத்தி பையை அடுக்குறாங்க. அதுதான் ஹெட் ஆபீஸ். அங்கே இருந்து பேட்ச் பேட்சா குளிக்கப் போறாங்க. திரும்பி வந்து அங்கேயே தலை துவட்டுறாங்க. ஒரு வேன்ல பன்னெண்டு பேர் வந்தா, ஒரே நேரத்தில தண்ணியில நிக்கிறது நாலஞ்சு பேர்தான். மத்தவங்க பார்க்க, பை காக்க, புளியோதரை பிரிக்க.

பௌலிங்குக்கும் இதே கூட்டம்தானே வரும்? சென்னை மால்ல இருக்கிற டிசைனை அப்படியே காப்பி அடிச்சா, லேனுக்கு ஆறு சீட். மிச்ச ஆறு பேர் எங்கே போவாங்க? அங்கே பாப்கார்ன் கடை பார்த்துக்கும். இங்கே?

அப்புறம் எண்ணெய். குற்றாலத்தில மசாஜ் பண்ணிக்கிட்டு உடம்பெல்லாம் எண்ணெயோட அருவிக்கு நடக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. பௌலிங் லேனுக்கும் எண்ணெய்க் குளியல் உண்டு! மெல்லிசா, ஒரு லேனுக்கு சுமார் 25 மில்லி. முதல் 40 அடிக்கு மட்டும். கடைசி 20 அடி காய்ஞ்சு கிடக்கும். சுழற்றிவிட்ட பந்து எண்ணெயில நேரா வழுக்கிப் போய், காய்ஞ்ச இடம் வந்ததும் உராய்வு கிடைச்சு 'சரக்'னு வளைஞ்சு பின்னுக்குள்ள நுழையும். ஆட்டமே அந்த வளைவுலதான் இருக்கு. வாழை மட்டையை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அதே சங்கதி. நம்ம தமிழ்நாட்டு ஷபீர் தன்கோட் பலமுறை தேசிய சாம்பியன் ஆனவர். அவரை மாதிரி ஆட்கள் எண்ணெய் எங்கே முடியுதுன்னு கணக்குப் போட்டுத்தான் பந்தை விடுவாங்க. நாம? பக்கத்து லேன்காரர் மேல படாம விட்டாலே பெரிய விஷயம்.

சாயங்காலம் பிரானூர் பார்டர்ல பரோட்டா. கோழி சால்னாவுக்கு நடுவுலதான் அவளுக்கு பல்பு எரிஞ்சுது. வாழை இலையை ஓரமா நகர்த்திட்டு, டிஷ்யூ பேப்பர்ல வரைய ஆரம்பிச்சுட்டா.

தூண் இருக்கட்டும். நாலு லேன் போதும். ஒவ்வொரு பக்கமும் லேன் போக ஆறே முக்கால் அடி மிஞ்சுதுல்ல? அதைச் சுவரோரமா நீளத்துக்கு விட்டா? முன்பாதி, திண்ணை! நம்ம வீட்டுத் திண்ணை மாதிரியே, முட்டி உசரத்துக்கு, காலை மடக்கி உட்கார்ற அகலத்துக்கு. லேனுக்கும் அதுக்கும் நடுவுல இடுப்பளவு தடுப்பு. ஆச்சி, அம்மா, கைக்குழந்தை, புளியோதரை எல்லாம் அங்கே. பந்து போறதையும் பார்க்கலாம். பின்பாதி, கதவு போட்டு மெக்கானிக் போற வழி. வீணாப்போன இடம்னு நான் நினைச்சதுதான் இப்போ மொத்த டிசைனுக்கே ஹீரோ.

ஈரக்காலுக்கும் வழி கிடைச்சுது. குடோனுக்கு முன்னால மூட்டை ஏத்தி இறக்க லாரி உசரத்துக்கு ஒரு மேடை இருக்கு, மூணடி உசரம், மேல தாழ்வாரம். கோயில்ல செருப்பு விட்டுட்டுத்தானே உள்ளே போறோம்? அதே பழக்கம்தான். மேடையில செருப்பு ஸ்டாண்ட், கால் துடைக்க தேங்காய் நார் மிதியடி, பெஞ்ச், காத்தாடி. காய்ஞ்ச காலோட உள்ளே வந்தாத்தான் ஷூ கவுன்ட்டர். ஈரம் மேடையோட நிக்கணும். அதில அவ கறார். உள்ளே மிச்சமிருந்த 24 அடியையும் வெட்டிட்டா: ஷூ கவுன்ட்டருக்கு 6, நடக்க 8, ஆடறவங்க உட்கார 10.

'மூணடி மேடையில வீல்சேர் எப்படி ஏறும்?'னு கேட்டேன். நானும் ஏதாவது கேட்கணும்ல. ஒரு அடி உசரத்துக்கு 12 அடி சரிவு. மூணடிக்கு 36 அடி. நேரா விட்டா ரோட்டுக்கே போயிடும். பதினெட்டு பதினெட்டா மடிச்சு, நடுவுல மூச்சு வாங்க ஒரு சமதளம். அது மேடையோட முகப்பிலேயே அடங்கிடுச்சு. உள்ளேயும் உட்காருற இடத்துக்கும் லேனுக்கும் நடுவுல படியே கிடையாது. பழைய சென்டர்கள்ல ஒரு படி இறங்கித்தான் ஆடணும். இங்கே தரையைத் தூக்கி ஒரே மட்டம்.

சத்தம்தான் இன்னும் உறுத்துது. பின் சாயற சத்தம் சும்மா இல்லை, இடி. பக்கத்தில வீடுங்க இருக்கு. சுவர் தாங்கும், ஓட்டுக்கூரை தாங்காது. கூரைக்குக் கீழே, பின் நிக்கிற பக்கத்தில தென்னை நார்ப் பலகை தொங்கவிடலாம்னு எழுதியிருக்கா. நார் சத்தத்தை உறிஞ்சும்கிறது சரி. தீப்பிடிக்காம மருந்து பூசணும்டின்னு பக்கத்தில பென்சில்ல நான் எழுதி வச்சேன். இந்த ஏரியாவில நாருக்குப் பஞ்சமில்லை, கரன்ட்டுக்கும் மெக்கானிக்குக்கும்தான் யோசிக்கணும்.

அந்த இடத்தில நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம். கயிறு மெஷின் யோசனை என்னோடது. ஒவ்வொரு பின்னோட தலையிலயும் ஒரு கயிறு. சாஞ்சதும் பொம்மலாட்டம் மாதிரி மொத்தமா தூக்கி, மறுபடி இறக்கிவிடும். பாகங்கள் கம்மி, கரன்ட் கம்மி, மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டிய வேலையும் கம்மி. சீனியர் ஆட்டக்காரங்களுக்குப் பிடிக்காது. கயிறு இழுக்கிறதால பின் விழற விதமே மாறும்பாங்க. ஆனா 2023-ல் அமெரிக்க பௌலிங் காங்கிரஸே இதைத் தனி வகையா ஒப்புக்கிட்டாச்சு. பண்பொழிக்கு இது போதும்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிஞ்சு, ஷீட்டைக் கூடத்தில விரிச்சோம். நாலு மூலைக்கும் நாலு டம்ளர். மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். கேட்கப்போற முதல் கேள்வி 'எவ்வளவு செலவாகும்?'தான்னு எங்களுக்குத் தெரியும். ஒரு லேனுக்கே பல லட்சம். அதுக்கு பதிலும் அவகிட்ட இருந்தது: முதல் வருஷம் ஒரு ஜோடி மட்டும், தூணுக்கு அந்தப் பக்கம் கேரம், டேபிள் டென்னிஸ். தூண் இருக்கிறதால பாதியைப் பூட்டிப் பாதியைத் திறக்கலாம்.

மாமா அதைக் கேட்கவே இல்லை. விரலை வச்சு முன்னாடி மேடையைக் காட்டினார்.

'இது மூட்டை இறக்குத மேடைதானே? இடிக்கலையா?'

'இல்லப்பா.'

'தாத்தா இதுலதான் கணக்குப் பிள்ளைய உக்கார வச்சு தராசு போட்டாவ.' கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், 'சீஸன் மூணு மாசம். மிச்ச ஒன்பது மாசம் யாரு வருவா?'

சரியான அடி. அவ ரெண்டாவது ஷீட்டை எடுத்தா. திருமலைக்கு மாசாமாசம் வர்ற கூட்டம், தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து ஸ்கூல் காலேஜ் பசங்க, மத்தளம்பாறை ஜோஹோவில வேலை பார்க்கிறவங்க, 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆனதுக்கு அப்புறம் வந்த ஆபீஸ் குடும்பங்கள்னு வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தா. 'இவங்ககிட்டல்லாம் இன்னும் கேட்கலைப்பா. கேட்க ஒரு வாரம் வேணும்.'

மாமா கண்ணாடியைக் கழற்றி மடிச்சார். 'நாளைக்கு வாரவங்கள அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லுதேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.'

ஆச்சி மூலையிலிருந்து, 'அந்தத் திண்ணை எத்தனை அடிட்டி? சாய்மானம் வச்சிருக்கியா?'ன்னாங்க.

சாய்மானம் வைக்கலை. டிசைனரம்மா டம்ளரை எடுத்துட்டு, பென்சிலைத் தேட ஆரம்பிச்சா.